எட்டுக் குதிரை ஏறாத வளைவு

ஹயர் கார் ஓட்டுகிறவனுக்கு இரண்டு தொழில்: ஒன்று கார் ஓட்டுவது, மற்றது ஊரார் வாங்கப்போகிற கார்களின் வயிற்றைத் தட்டிப் பார்ப்பது. இரண்டாவது தொழிலுக்குக் கூலி ஒரு பிளேன்டீ. அந்தக் கார் பின்னால் மக்கர் பண்ணினால் வசவும் உண்டு. உங்களையும் யாராவது இப்படி இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள், அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

நான் பதுளையில் ஹயர் ஓடியபோது தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் இன்னும் இருந்தார்கள். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கிற பெரிய கிளாக்கர் என் வாடிக்கை. யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த மனிதர், வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். அவருக்கு ஒரே மகள், யோகம். தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. பதுளையில் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது, தை மாதம் சேர வேண்டும். ஆனால் பஸ் ரோடு கீழே, அவர்கள் குவார்ட்டஸ் மலைக்கு மேலே. பிள்ளைக்கு மூச்சு இழுப்பு. அந்த ஏற்றத்தில் நடந்தால் உதடு நீலமாகிவிடும். போர்டிங்கில் விடத் தாய்க்குப் பயம், தினமும் ஹயர் பிடிக்கக் கட்டாது. ஒரு சின்னக் கார் இருந்தால் காலையில் பஸ்ஸுக்கு இறக்கிவிடலாம், பின்னேரம் ஏற்றிவரலாம்.

"என்ர பிள்ளைக்கு ஏலாத ஏத்தத்தைக் கார் ஏற வேணும், ராமையா. வேற ஒண்டும் எனக்குத் தேவையில்லை" என்றார்.

அரிசிப் பை

முதலில் பார்த்தது ஹாலிஎலயில், பென்ஷன் எடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரின் கார். எட்டுக் குதிரைச் சக்தி இன்ஜின். பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்தேன், சத்தம் சுத்தமாக இருந்தது. கிளாக்கர் மனைவியையும் மகளையும் கூட்டிவந்து பின்சீட்டில் ஏற்றினார். பாரத்தோடு பார்த்தால்தான் இன்ஜினின் குணம் தெரியுமாம். யோகத்தின் மடியில் புதுப் பள்ளிக்கூடப் பை. புத்தகம் இன்னும் வாங்கவில்லை என்று அதன் பாரத்துக்கு அரிசி அடைத்திருந்தார்.

ஏற்றம் தொடங்கியதும் கார் முனகியது. முதல் கியருக்கு வந்தேன். பாதி வளைவில் நின்றேவிட்டது. தோட்டத்து வளைவு இதைவிட மோசம். யோகத்தை மட்டும் உள்ளே வைத்துவிட்டு மற்றவர்கள் இறங்கித் தள்ளினோம். கூடவே வந்து தள்ளிய ஸ்டேஷன் மாஸ்டர் மூச்சு வாங்கியபடி கிளாக்கரைக் கேட்டார்: "ஐசே, நீர் வாங்க வந்தது காரோ, அரிசி லொறியோ?"

குடை அளவு

இன்ஜினுக்கு அடுத்தது சக்கரம். தோட்டத்துப் பாதை உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் புல்லும் கல்லும் முதுகு மாதிரி எழும்பி நிற்கும். குட்டிச் சக்கரக் கார் போனால் வயிற்றில் அடி விழும். கிளாக்கர் எந்தக் காரைக் கண்டாலும் குனிந்து, குடையைத் தரையில் படுக்கவைத்து, கைப்பிடி வளைவை நிமிர்த்தி அடியில் தள்ளுவார். தட்டாமல் போனால் கார் தேறியது. தட்டினால் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு நடந்துவிடுவார்.

பதுளைக் கராஜில் எங்கள் மெக்கானிக் பியதாச பாஸ். பெரிய சக்கரம் போட்டால் கார் உயரும், ஆனால் இழுவை குறையும், எட்டுக் குதிரை இன்னும் திணறும் என்று அவர் விளக்கினார். பத்தோ பன்னிரண்டோ பாருங்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் கெஞ்சினோம். கிளாக்கர் அதெல்லாம் அறியாதவர் இல்லை. ஆனாலும் எட்டு என்றால் எட்டுதான். ஏன் என்று சொல்லவுமில்லை. அவர் போன பிறகு பியதாச பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பெரிய சக்கரம், சின்ன இன்ஜின், நல்ல இழுவ, எல்லாம் சேந்து கேட்டா கிளாக்கர் மாத்தயாவுக்கு மாட்டு வண்டிதான் சரி."

முட்டில்லாத கார்

தீபாவளி கழிந்து பண்டாரவளையில் ஒரு டாக்டர் மாற்றலாகிப் போவதாகக் கேள்விப்பட்டு, குதிரைக் கணக்கைச் சொல்லாமல் கிளாக்கரையும் யோகத்தையும் கூட்டிப்போனேன். பன்னிரண்டு குதிரை, உயரமான சக்கரம். குடை தாராளமாக நுழைந்தது. நல்ல ஏற்றமாகப் பார்த்து ஓட்டினேன். ஒரு முனகல் கிடையாது. யோகம் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினாள். இழுப்பை அவர்கள் வீட்டில் முட்டு என்பார்கள். "அப்பா, இந்தக் காருக்கு முட்டில்லை" என்று சிரித்தாள். அந்தப் பிள்ளை சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டாக்டர் சொன்ன விலையும் கிளாக்கருக்குக் கட்டுகிற விலைதான். கிளாக்கர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், சக்கரத்தைத் தடவினார், வேண்டாம் என்றுவிட்டார். திரும்பும்போது யோகம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "இதுல என்னங்கையா குறை?" என்று கேட்டேன். அப்போதுதான் வாயைத் திறந்தார். அவர் தோட்டத்தில் பெரிய துரைக்கு அடுத்தபடியான சின்னத்துரையிடம் இருப்பது பத்துக் குதிரைக் கார். கிளாக்கர் அதைவிடப் பெரிய காரில் எதிரே வரலாமா? சமமாகத்தான் வரலாமா? பாதை தோட்டத்துப் பாதை. கீழே பாதைக்குக் குறுக்கே சங்கிலியைப் பூட்டிவிட்டால் கேட்க ஆளில்லை, வேலையும் துரை கையில். துரை வந்தால் கங்காணி முதல் கிளாக்கர் வரை குடையை மடக்கி ஓரமாக நிற்கிற காலம் அது. மடியில் கிடந்த குடையைப் பார்த்தபடியே சொன்னார்: "குடையெண்டால் மடக்கலாம், ராமையா. காரை என்ன செய்யிறது?"

இரண்டு சக்கரம்

மார்கழியில் பியதாச பாஸ் எங்கிருந்தோ ஒரு எட்டுக் குதிரையைப் பிடித்துவந்தார். இன்ஜினைக் கழற்றிப் பூட்டி என்னவெல்லாமோ செய்தார். யோகத்தோடும் அரிசிப் பையோடும் அது வளைவைத் தாண்டிவிட்டது. குடையும் தட்டவில்லை. பார்வைக்குச் சின்னத்துரையின் காருக்குத் தம்பி மாதிரி குள்ளம். அன்றைக்கு எனக்குப் பிளேன்டீயோடு வடையும் கிடைத்தது.

மறுநாள் கிளாக்கர் பெரிய துரையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள ஆபீசுக்குப் போனார். நான் கீழே காத்திருந்தேன். சீக்கிரமே இறங்கி வந்தார். மழை பெய்துகொண்டிருந்தது, குடையை விரிக்காமலே வந்தார். சின்னத்துரைக்குத் திடீரென்று மாற்றல் வந்துவிட்டதாம். புதிதாக வந்த சின்னத்துரை இளவட்டம், மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியிருக்கிறார். பெரிய துரை என்ன சொன்னார் என்று கேட்டேன். "சின்னத்துரையே ரெண்டு சக்கரத்திலை போறார், கிளாக்கருக்கு நாலு சக்கரம் எதுக்கெண்டு சிரிச்சுக்கொண்டு கேட்டவர்."

பிறகு வாங்கியது

அந்த எட்டுக் குதிரை பியதாச பாஸின் கராஜிலேயே நின்றுவிட்டது. தை பிறந்தது. யோகத்துக்கு வைத்திருந்த இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த தை, அதற்கடுத்த தை என்று போய், பிள்ளை பெரியவளாகி வீட்டோடு நின்றுவிட்டாள்.

பிறகு வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். புதிதாக வந்த நம் நாட்டுத் துரை, யார் எதில் போனால் எனக்கென்ன என்கிற ரகம். கிளாக்கர் ஒரு பன்னிரண்டு குதிரை வாங்கினார். அதற்கும் நான்தான் போய்த் தட்டிப் பார்த்தேன். குடையும் வந்தது. அவருக்கு ஓட்டுகிற கை இன்னும் சரிவரவில்லை என்று நானே மேலே கொண்டுபோனேன். சங்கிலி திறந்து கிடந்தது. வளைவில் கார் மூச்சுக்கூட விடவில்லை.

குவார்ட்டஸ் வாசலில் நிறுத்தினேன். யோகம் தையல் துணியோடு வெளியே வந்தாள். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். கிளாக்கர் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறு பிள்ளை" என்றார். அவள் காரைப் பார்த்தாள், கீழே போகிற பாதையைப் பார்த்தாள். கோபமே இல்லாமல், தெரியாததைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்: "எங்கை போறதுக்கு, அப்பா?"

இப்போதும் யாராவது கார் பார்க்கக் கூப்பிட்டால், பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் "உங்க துரை எதுல போறாருங்க?" என்றுதான் நான் கேட்கிறேன்.