தார்த்துணிக்குள் அரை இன்ச்

சாலம்மாள் என் கூடப் பிறந்த தங்கை. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. நான் மூன்றாம் வகுப்பு வரை போனேன். அதை வைத்துக்கொண்டுதான் அனுமந்தை ரோட்டோரம் பன்னிரண்டு அறை லாட்ஜ் கட்டினேன். மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமந்தவன் வேறு எவன் இதைச் செய்திருக்கிறான், காட்டுங்கள்.

புருஷன் செத்த பிறகு இருபது வருஷம் உப்பு வாரியே மகளைக் கட்டிக் கொடுத்தவள் சாலம்மாள். அவள் பாதம் வெடித்துக் கிடந்ததைப் பார்த்து, "போதும், வா" என்று கூட்டி வந்து சாவிக் கொத்தைக் கொடுத்தேன். விடியற்காலையில் கேஸ் பாய்லரைப் பற்றவைத்து அறைகளுக்கு வெந்நீர் விடுவது அவள் பொறுப்பு. ஆறு வருஷம் ஒரு குறை வந்ததில்லை.

போன வருஷம் பின்பக்கம் நான்கு அறை கூட்டினேன். பழைய பாய்லரையும் அங்கே நகர்த்தி, கூடவே இன்னொன்று வைத்தேன். சிலிண்டர் கொட்டகை ரோட்டுப் பக்கம். நடுவில் நூறடிக்கு மேல் பைப். வேலையைக் கன்னியப்பனிடம் கொடுத்தேன். உப்பளத்தில் அவன் கை கொடுத்தால்தான் கூடை என் தலைக்கு ஏறும்; அப்படிப்பட்ட ஜோடி நாங்கள். பிறகு புதுச்சேரியில் பைப் வேலை பழகினான். முக்கால் இன்ச் என்று பேசி, அதற்கே பணம் கொடுத்தேன். உப்புக் காற்றில் இரும்பு நிற்காது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். தாரில் தோய்த்த துணியைப் பைப்பின்மேல் மூன்று சுற்றுச் சுற்றச் சொன்னவன் நானே.

அந்த மார்கழியில், மாதம் எட்டு சிலிண்டர் என்பது பதினாறானது. நான்கு அறைக்கு எட்டா? தண்ணீரும் வெதுவெதுப்பு, சூடு வரட்டும் என்று வந்தவர்கள் குழாயைத் திறந்தே விட்டார்கள்.

"அண்ணா, ரெண்டையும் சேத்து ஏத்துனா நெருப்பு மஞ்சளா படுத்துக்குது. ஒண்ண நிறுத்துனா இன்னொண்ணு நல்லா எரியுது" என்றாள் சாலம்மாள். "வாய்க்கா ஒடுக்கமா இருந்தா கடைசிப் பாத்திக்குத் தண்ணி ஏறுமா?"

"கேஸும் தண்ணியும் ஒண்ணா? போய் வேலையப் பாரு."

கன்னியப்பனை வரவழைத்தேன். டீயைக் குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பைப்பு மேல தப்பு இல்ல, தட்சணா. உன் தங்கச்சி பொண்ணு இட்லிக் கடை வெச்சிருக்குதே, அங்க எந்த கேஸு எரியுதுன்னு பாரு. நான் சொன்னேன்னு சொல்லாத."

நம்பினேன். கூடையைத் தூக்கிவிட்ட கை பொய் சொல்லும் என்று எப்படித் தோன்றும்? மறுநாள் வேலையாட்கள் நான்கு பேர் எதிரில், "சிலிண்டர் எங்கடி போவுது?" என்று கேட்டேன். அவள் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். தையில் உப்பள வேலை தொடங்கியதும், அறுபத்திரண்டு வயதில் மறுபடி கூலிக்கு இறங்கினாள்.

அவள் போன பிறகும் பதினாறு சிலிண்டர் பதினாறாகவே இருந்தது. மாசியில் கேஸ் வாசனை வருகிறதென்று மாயவன் என்ற மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். கசிவு பார்க்கத் துணியை அறுத்தான்.

"ஏங்க, இவ்ளோ தூரத்துக்கு யாராவது அரை இன்ச் போடுவாங்களா? ரெண்டு பாய்லர் இதுல எப்படிங்க எரியும்?"

"முக்கால்யா அது."

"வந்து நீங்களே பாருங்க."

வெளியே தெரிகிற இரண்டு முனையில் மட்டும் முக்கால். நடுவில், தார்த்துணிக்குள், முழுக்க அரை. துணியின் தடிமன் மறைத்திருந்தது.

கன்னியப்பன் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"நீ ரேட்ட அடிச்ச அடிக்கு அதான் வரும்" என்றான்.

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உன்கிட்ட யாருடா சொல்றது? நீதான் எல்லாம் தெரிஞ்சவனாச்சே."

"பைப்பு போவட்டும். சாலாவ ஏன்டா இழுத்த?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பைப்பை மாற்றிவிட்டு உப்பளத்துக்குப் போனேன். சாலம்மாள் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கன்னியப்பன் ஏமாத்திட்டாம்மா. வா, போலாம்."

அவள் நிமிரவில்லை. "அவன் உன்ன ஏமாத்துனான், சரி. என்ன ஏமாத்துனது யாரு?"

பலகையைக் கீழே வைத்தாள்.

"நாலு பேர் எதிர்ல கேட்ட இல்ல? அந்த நாலு பேர் எதிர்ல சொல்லு."

நான் யாரிடமும் தலை குனிந்தவன் இல்லை. ஆனாலும் மறுநாள் காலை அந்த நான்கு பேரையும் நிறுத்தினேன். அவள் சோற்றுத் தூக்கோடு வந்து வாசலில் நின்றாள். "சாலம்மா ஒண்ணும் எடுக்கல. கண்ண மூடிக்கிட்டு பேசினவன் நான்தான்" என்றேன்.

"சரிண்ணா. வெயில் ஏறத்துக்குள்ள போவணும்" என்று உப்பளத்துப் பக்கம் நடந்தாள்.

பின்னாலேயே ஓடினேன். "அதான் சொல்லிட்டேனே, சாலா! இன்னும் எதுக்கு அங்க போயி மேஸ்திரிகிட்ட திட்டு வாங்கற?"

"அவன் தெனமும்தான் திட்டறான். அவன் யாரோ, எனக்கு வலிக்கல."