பந்தைக் கொடுத்தவருக்கு ஒரு புடவை

போன வாரம் என் கடைசி மகன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்தான். மலேசியாவில், மூவாரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் கால் வைத்ததும் பையைத் திறந்து எதை எடுத்தான் தெரியுமா? அம்மாவுக்கு வாங்கிய சாமான் எதையும் இல்லை. ஒரு போட்டோ! தோளில் தலையணையைக் கட்டிக்கொண்டது போல ஒரு பையன், கையில் பெரிய கோப்பை.

மகன் படிக்கிற காலேஜ் பையனாம். அங்கே ஃபுட்பாலில் 'குவார்ட்டர்பேக்' என்று ஒரு ஆள் உண்டாம். யாருக்குப் பந்து போக வேண்டும் என்று பார்த்துக் கொடுப்பதுதான் அவன் வேலை. காலேஜ் குவார்ட்டர்பேக்குகளில் சிறந்தவனுக்கு வருடா வருடம் விருது... இந்த வருடம் இவனுக்கு. (ஃபுட்பால் என்கிறார்கள், கையால் ஆடுகிறார்கள். நமக்கென்ன?)

வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தினார்.

“கோல் போடறவனுக்கு இல்லயா? குடுக்கிறவனுக்கா பரிசு?”

“ஆமா லா அப்பா. அவன் குடுக்கலன்னா கோல் ஏது?”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி பேப்பருக்குள் புகுந்துகொண்டார். ஏன் புகுந்தார்? அவர் சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் காலம். கூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார், கணக்கு எழுதும் கிராணியார்தான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சோறு. துணி? அதைப் பற்றிப் பேசவே கூடாது. கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு ரப்பர் பாலுக்கு மரம் சீவப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தக் கஷ்டத்திலும் பந்து விளையாட்டை மட்டும் யாரும் விடவில்லை! தோல் பந்துக்கு எங்கே போவது? கந்தலை உருட்டி, அதன்மேல் ரப்பர் பாலைப் பூசிப் பூசிக் காயவைத்து ஒரு பந்து செய்தார்கள். வடக்கே உதைத்தால் கிழக்கே போகும். அதை அடக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் — நடுவில் நின்று முன்னால் இருப்பவர்களுக்குப் பந்து எடுத்துக் கொடுக்கும் எங்கள் சென்டர் ஹாஃப். எனக்கு நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ளை.

வருடத்துக்கு ஒரு முறை பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம். சிறந்த ஆட்டக்காரருக்குக் கிராணியார் பரிசு தருவார். முதல் வருடம் ஒரு பொட்டலம் உப்பு. அடுத்த வருடம்... புடவை! சண்டைக்கு முன்னால் வாங்கி, பெட்டியில் மடித்தபடியே கிடந்த வெள்ளைப் பட்டுப் புடவை. அதைக் கேள்விப்பட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. மாதா கோவிலில் எங்கள் கல்யாண ஓலையை இரண்டு வாரம் வாசித்தாகிவிட்டது, மூன்றாவது வாரமும் வாசித்தால் கல்யாணம். கல்யாணப் பெண்ணுக்குக் கட்டத் துணி இல்லை.

என் அம்மா மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினார். இந்த ஒரு ஆட்டத்திலாவது பந்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நாலு கோல் போடுங்கள் என்று. கேட்டாரா? வழக்கம்போல வந்த பந்தையெல்லாம் முன்னால் நிற்கும் எங்கள் அணிச் சின்னையாவின் காலுக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். மூன்று கோலும் சின்னையா போட்டது. போச்சு என் புடவை என்று நான் தலையில் கை வைத்துவிட்டேன்.

ஆனால் கிராணியார் ஒரு சட்டம் வைத்திருந்தார். பரிசு யாருக்கு என்று தோற்ற அணிதான் சொல்ல வேண்டும். அடி வாங்கியவனுக்குத்தானே தெரியும், யார் அடித்தது என்று? பக்கத்துத் தோட்டத்துக் கேப்டன் எழுந்தார்.

“கோல் போட்டவர நாங்க புடிச்சிருப்போம். பந்த அவரு காலுல கொண்டாந்து வச்சாரு பாருங்க, அவரத்தான் புடிக்க முடியல. அவருக்கே குடுத்துருங்க.”

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஓடிப் போய் எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்றேன். புடவையும் கையுமாக வந்தார். வாசலைத் தாண்டினார். நேராகச் சின்னையா வீட்டுக்குள் போனார். வெறுங்கையோடு வெளியே வந்தார்!

சின்னையாவின் அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். வீட்டில் அம்மாவுக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒரே சேலை. அம்மா அதைக் கட்டி வேலைக்குப் போனால் தங்கை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடப்பாள். அண்ணன் கோல் போட்டதைக்கூட அவள் பார்க்கவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. வராதா பின்னே?

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் வழிமறித்தேன். என்னைக் கொஞ்சமாவது நினைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“நெனச்சேன். சேல இல்லன்னா அந்தப் பொண்ணு வாசலத் தாண்ட முடியாது. நீ சேல இல்லாட்டியும் கோவிலுக்கு வருவ.”

என்ன திமிர் பாருங்கள்! வராமல் இருந்து காட்டலாமா என்று கூட யோசித்தேன். யோசித்ததோடு சரி.

அம்மாவின் பழைய சேலையில் ஒட்டுப் போட்டு, கொசுவலையை வெட்டித் தலைக்கு முக்காடாக்கி, கல்யாணத்தன்று கோவிலுக்குப் போனேன். முன்வரிசையில் சின்னையாவின் தங்கை — என் பட்டுப் புடவையில். அழகாகத்தான் இருந்தாள், பாவி. கோவிலில் அத்தனை பேர் கண்ணும் அந்தப் புடவை மேல்.

இவர் கண் மட்டும் கொசுவலை மேல்.