நசாலிப் பாட்டுக்கு விழாத ஓட்டு

தராய்வினி நாற்பது வயதில் தீவுகளின் தலைநகர் சூவாவுக்குப் போய், ஆறு மாதம் தங்கி, நோயாளி பராமரிப்புப் படித்துச் சான்றிதழ் வாங்கினாள். அன்றிலிருந்து இந்தப் பதினெட்டு வருடத்தில் பதினோரு பேரைக் குளிப்பாட்டியிருக்கிறாள். அவர்களில் ஏழு பேர் எழுந்து நடந்தார்கள், நான்கு பேர் போய்ச் சேர்ந்தார்கள். அழுகிறவர்களுக்குத் துண்டு கொடுப்பாளே தவிர, தோள் கொடுக்க மாட்டாள்.

பன்னிரண்டாவது ஆள் அபோரோசா. சவுசவு துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்திரண்டு. வாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. மூன்று மாதத்தில் கை திரும்பியது, பேச்சு முழுசாகத் திரும்பியது. காலும் திரும்பியிருக்கும். ஆனால் ஒருநாள் மகள் கெலேராவின் விருந்தாளிகள் எதிரே கூடத்தில் தடுக்கி விழுந்தார். அதிலிருந்து கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டார். இன்னும் இரண்டு மாதம் இப்படியே கிடந்தால் முழங்கால் மடக்கியபடியே இறுகிவிடும், அப்புறம் யாராலும் நிமிர்த்த முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தராய் கெஞ்சவில்லை. கெஞ்சுகிற மாதிரியான உறவு இல்லை அவர்களுக்குள். அவளுடைய ஊர் நசாலி, அவருடைய ஊர் வைகோரோ. இரண்டு ஊருக்கும் ஆதியில் ஒரே குலதெய்வம், ஆகவே அவர்கள் ஒருவருக்கொருவர் தௌவூ. தௌவூ என்றால் என்ன வேண்டுமானாலும் திட்டலாம், மற்றவர் தட்டிலிருந்து மீனை எடுத்துத் தின்னலாம், ஏமாற்றவும் செய்யலாம். மற்றவர் கோபப்படக் கூடாது. பட்டால் ஊரே சிரிக்கும்.

"ஓய் தௌவூ, எந்திரி. வைகோரோக்காரனுக்குக் காலு எதுக்கு, கடன்காரனப் பாத்தா ஓடத்தானே?"

"உங்க ஊர்ல காலு எதுக்குடி? பன்னியத் துரத்தவா?"

பன்றி அந்த மாதத்துப் பேச்சு. ரேடியோவில் ஊர்ப் பாட்டுப் போட்டி நடந்தது. இருபத்தாறு பாட்டில் கடைசியாக நின்றவை இரண்டு. நசாலிப் பாட்டில் ஒரு அத்தை ஞாயிற்றுக்கிழமை பன்றியைத் துரத்திக்கொண்டு தேவாலயத்துக்குள் நுழைகிறாள். கிடார்கள் பன்றியைவிட வேகமாக ஓடும். வைகோரோப் பாட்டில் ஒருவன் மறந்த தொப்பியை எடுக்கத் திரும்பிப் போய்க் கப்பலைத் தவற விடுகிறான். அதில் கனத்த குரல்கள் அடியில் நின்று இழுக்கும். சந்தையில், பேருந்தில், மருத்துவமனை வரிசையில் எங்கும் இதே விவாதம்தான்.

"உங்க பாட்டு முடியறதுக்குள்ள ரெண்டாவது கப்பலும் போயிரும்," என்றாள் தராய், அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டே.

"உங்க கிடாருக்காரன் தகரக் கூரைல நடக்கற ஆடு. எங்க அடிக்குரலக் கேளு, வயித்துல வந்து உக்காரும்."

"வயித்துல உக்காந்தா மருந்து இருக்கு, தரேன்."

அங்கேதான் அவளுக்கு யோசனை வந்தது. பந்தயம் கட்டினாள். நசாலி ஜெயித்தால் அபோரோசா தினமும் நடை பழகும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரம் வரை நடக்க வேண்டும். வைகோரோ ஜெயித்தால் கிறிஸ்துமஸ் வரை நடையைப் பற்றி அவள் வாயே திறக்கக் கூடாது.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் நீ வாய மூடிட்டு இருப்பியா? இதுக்காகவே ஜெயிப்போம்," என்றார் அவர்.

சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஓட்டு. ஒரு தொலைபேசிக்கு ஒரே ஒரு ஓட்டு. வீட்டுத் தொலைபேசி அறைக்கு வெளியே நடைவழிச் சுவரில் தொங்கியது, கட்டிலில் கிடப்பவருக்கு எட்டாது. கெலேரா சந்தைக்குப் போயிருந்தாள். ஆக இந்த வீட்டு ஓட்டு நசாலிக்குத்தான் என்று தராய் நிம்மதியாக எண்ணைச் சுழற்ற ஆரம்பித்தாள். எல்லாத் தீவும் ஒரே நேரத்தில் சுழற்றியது. ஒன்றே முக்கால் மணி நேரம் ‘டொய்ங் டொய்ங்’ மட்டும்தான் கேட்டது. பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது எதிர்முனையில் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"வணக்கம், பாட்டுப் போட்டி. எமோரி பேசறேன். எந்தப் பாட்டு?"

தராயின் வாய் திறந்தபடி நின்றது.

எமோரி அவளுடைய பெரியம்மா மகன். முறைப்படி அண்ணன். அண்ணன் தங்கை வயதுக்கு வந்த பிறகு ஒருவரோடொருவர் பேசக் கூடாது, அது ஊர் வழக்கம். அவள் பன்னிரண்டு வயதிலிருந்து அவனோடு ஒரு சொல் பேசியதில்லை. அவன் ஒரு வாசலில் நுழைந்தால் அவள் மறு வாசலில் வெளியேறுவாள். அவனுக்கு ரேடியோவில் வேலை என்று தெரியும். ஆனால் தொலைபேசி எடுப்பது யாரோ ஒரு பெண்பிள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

"ஹலோ? யாருங்க? மூச்சு கேக்குது, ஓட்டக் காணோமே."

அவள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள். "தௌவூ! அங்கிருந்தே கத்து! நசாலின்னு கத்து!"

"ஏன், ஒனக்கு நாக்கு சுளுக்கிச்சா?"

"எமோரி எடுத்துட்டான்."

கட்டிலில் இருந்து வந்த சிரிப்பில் கொசுவலை ஆடியது. சிரிப்பு பாதியில் நின்றது. அபோரோசாவின் முகத்தில், துறைமுகத்தில் சரக்குப் பெட்டி தவறுதலாகத் தன் பக்கம் இறங்கியதைக் கண்டவனின் யோசனை ஓடியது.

"இங்கிருந்து கத்தினா அவனுக்குக் கேக்காது. இரு, வரேன். வெச்சிராதே!"

போர்வை ஒரு பக்கம் பறந்தது. அவர் சட்டத்தைத் தன் பக்கம் இழுத்தார். தராய் ரிசீவரைக் கயிற்றில் தொங்கவிட்டுவிட்டு உள்ளே பாய்ந்து, பின்னால் நின்று, அவருடைய இடுப்புத் துணியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். வலது கால், சட்டம், இடது கால். இடது கால் தரையில் இழுபட்டது. நான்காவது அடியில் முழங்கால் முறுக்கியது. அவர் எமோரியை, தொலைபேசி இலாகாவை, நசாலியின் பன்றியை வரிசையாகத் திட்டிக்கொண்டே அடுத்த அடி வைத்தார். அவள் எண்ணிக்கொண்டே வந்தாள்.

ரிசீவரை எடுத்ததும் அவர் குரல் தேனாக மாறியது. "தம்பி எமோரி, நான் அபோரோசா. சவுசவுலேர்ந்து. இந்த வீட்டு ஓட்டு வைகோரோவுக்கு. ஆமாப்பா, தொப்பிப் பாட்டுக்கு. உன் தங்கச்சியும் பக்கத்துலதான் நிக்கறா, ரொம்ப சந்தோஷமா இருக்கா."

தராய் நாற்காலியை அவர் பின்னால் தள்ளினாள். அவர் பொத்தென்று உட்கார்ந்தார்.

"திருட்டுக் கிழவா," என்றாள்.

"கோவமா, தௌவூ?"

"எனக்கா? இல்லையே."

வைகோரோ பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. மாலையில் கெலேராவிடம் அபோரோசா கதையை மூன்று தடவை சொன்னார். மூன்றிலும் எமோரி வருவான், தராயின் திறந்த வாய் வரும். தான் நடந்து போனது ஒன்றிலும் வரவில்லை.

மறுநாள் காலை தராய் அவரைத் துடைத்தாள், மரவள்ளியும் டின் மீனும் கொடுத்தாள், துணி மடிக்க உட்கார்ந்தாள். அவர் காத்திருந்தார். அவள் திட்டவில்லை, சட்டத்தைக் கட்டில் பக்கம் நகர்த்தவும் இல்லை. அது நேற்று நின்ற இடத்திலேயே நின்றது.

"என்னடி, பேச்சக் காணோம்?"

"பேசறனே. தலைகாணி உறை கிழிஞ்சிருக்கு."

"நேத்து நான் எத்தன அடி வெச்சேன்?"

"அதப் பத்திக் கிறிஸ்துமஸ் வரைக்கும் பேச மாட்டேன். பந்தயம்."

"பதிமூணு இருக்கும்."

அவள் உறையை உதறினாள்.

"பதினஞ்சு! நீ எண்ணிக்கிட்டே வந்த, எனக்குக் கேட்டுச்சு. சொல்லித் தொலையேன்."

அவள் அடுத்த உறையை எடுத்தாள். அபோரோசா, நசாலிக்காரிகளுக்குக் கணக்கும் வராது, மரியாதையும் வராது என்று முணுமுணுத்துக்கொண்டே காலைக் கீழே இறக்கி, "அந்த இழவ இங்க தள்ளு, நானே எண்ணிக்கறேன்," என்றார்.

தராய் வாயே திறக்காமல் சட்டத்தைத் தள்ளிவிட்டு, பின்னால் போய் நின்று, துணியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.