ஆள் மாறி விழுந்த அடிகள்

அந்தக் காணொளி ஒரு நிமிடம் நாற்பத்தேழு நொடி ஓடும். இதற்குள் மூன்று கைபேசிகள் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அதைப் புதியதில் ஏற்றிக்கொண்டுதான் பழையதைக் கொடுத்திருக்கிறேன். மழைக் கோட்டுப் போட்ட ஏழெட்டு ஆண்கள், ஈரமான பள்ளி முற்றம், கொடிக்கம்ப மேடை, அதன்மேல் சாய்ந்து விழும் ஒரு வெள்ளை அங்கி. பதினொன்றாவது நொடியில் முதல் குத்து வாயில் விழுகிறது. இருபதாவது நொடிக்குள் அவர் தரையில் கிடக்கிறார். பிறகு ரப்பர் பூட்ஸ் கால்கள் மட்டும். எலும்பு முறிந்த சத்தம் மழையில் கேட்காது. ஆனால் எந்த இடத்தில் முறிந்தது என்று எனக்குத் தெரியும்; அவருடைய வலது மணிக்கட்டு மேடையின் விளிம்புக்கும் ஒரு பூட்ஸுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் நொடி அது. முப்பத்தெட்டாவது நொடியில் படம் ஆடி, ஆசிரியர் அறையின் கதவைக் காட்டுகிறது. பாதி திறந்த கதவுக்குப் பின்னால் நீலச் சட்டைக்காரன் ஒருவன் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நிற்கிறான். கடைசி நொடிவரை அவன் வெளியே வரவில்லை. அது நான்.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவன் நான். கிழமை, பீரியட், மழை எப்போது விட்டது என்பதுவரை எழுதி வைப்பேன். இந்தச் சம்பவத்துக்கும் என்னிடம் தேதி இருக்கிறது. அதை இங்கே போடவில்லை. தேதி தெரிந்தால் யாராவது அந்தக் காணொளியைத் தேடி எடுப்பார்கள், வேண்டாம் என்று அன்று பள்ளியில் காயம்பட்ட பெண் அண்மையில் கேட்டுக்கொண்டாள். ஒரு புதன்கிழமை, சுமார் ஒன்பது வருடங்களுக்கு முந்தைய மழைக்காலம், சித்திரபுரத்துக்கு மேலே தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தமிழ்ப் பள்ளி. இவ்வளவு போதும்.

பள்ளியை நடத்தியது கத்தோலிக்க அருட்சகோதரர்களின் சபை. அவர்கள் குருக்கள் அல்லர். பூசை வைக்க மாட்டார்கள். கற்பிப்பதே அவர்களுடைய துறவு. அப்போது அங்கே மூன்று பிரதர்கள் இருந்தார்கள், என்னைப் போல் குடும்பம் குட்டியோடு இருந்த ஆசிரியர்கள் பதினொரு பேர். தலைமையாசிரியராக இருந்த பிரதரைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. அவர் கிழக்குப் பாலக்காட்டுக்காரர், முதலமடைப் பக்கம். எங்கள் மலையில் எல்லோருக்கும் திருநெல்வேலி, மதுரைப் பேச்சு. அவர் வாய் திறந்தால் வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' விழும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையையும் 'ஏனுங்க தம்பி' என்றுதான் கூப்பிடுவார்.

ஜூனில் பள்ளி திறக்கும் காலையில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் வருமுன் நாங்கள் எல்லோரும் சிற்றாலயத்தில் கூடுவோம். ஒவ்வொரு வகுப்பின் வருகைப் பதிவேட்டையும் ஒரு பிரதர் ஒரு முனையிலும் வகுப்பாசிரியர் மறுமுனையிலும் பிடித்துக்கொண்டு ஜெபம் சொல்ல வேண்டும். "பாதி எங்களுது, பாதி உங்களுதுங்க" என்பார் பிரதர். "நாங்க மாறிப் போறவங்க. நீங்க இங்கயே இருக்கறவங்க. கணக்குப் பாத்தா உங்க பாதி கொஞ்சம் பெருசுங்க." பொறுப்பேற்ற முதல் வாரமே எல்லா வகுப்பிலிருந்தும் பிரம்புகளைக் கேட்டு வாங்கி, மதியச் சோறு வேகும் கஞ்சிப்புரை அடுப்பில் வைத்தவர் அவர். பிரம்பு இல்லாமல் கணக்கு ஏறாது என்று நான் சொன்னேன். "எனக்கு அப்படித்தானுங்க ஏத்துனாங்க சார். கணக்கு மறந்துபோச்சு. பிரம்பு மறக்கலீங்க" என்றார்.

அந்தப் புதன்கிழமை மூன்றாம் பீரியட், எட்டாம் வகுப்பு. தகரக் கூரையில் மழை. நான் பலகையில் முக்கோணம் வரைந்துகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு பையன் பிரதரைப் போலப் பேசிக் காட்டினான்: "ஏனுங்க முக்கோணம், உங்களுக்கு மூணு கோணம் போதுமுங்களா?" வகுப்பே சிரித்தது. இப்போது நினைத்தால் எனக்கும் சிரிப்பு வரும். அன்று வரவில்லை. பெரிய காரணம் ஏதாவது உண்டா என்று தேடிப் பார்த்துவிட்டேன். நாட்குறிப்பில் ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, வீட்டில் சண்டையில்லை. கையில் மரக்கட்டை வைத்த டஸ்டர் இருந்தது. திரும்பி, முழு வலுவோடு எறிந்தேன். பையன் குனிந்துகொண்டான். அவனுக்குப் பின்னால் முக்கோணத்தை நோட்டில் வரைந்துகொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை அப்போதுதான் தலை நிமிர்ந்தாள். கட்டையின் மூலை அவளுடைய இடது கண்ணில் பட்டது. அவள் கத்தவில்லை. கண்ணைப் பொத்திய கையை எடுத்துப் பார்த்தாள், விரலிடுக்கில் ரத்தம் வழிந்து நோட்டில் சொட்டியது. பக்கத்துப் பெண்தான் கத்தினாள்.

இளைய பிரதரும் ஒரு டீச்சரும் பள்ளி ஜீப்பில் அவளை அடிமாலிக்குக் கொண்டுபோனார்கள். தலைமையாசிரியர் பிரதர் ஆசிரியர் அறைக்கு வந்து என்ன நடந்தது என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. மேட்டில் ஆட்கள் கூச்சலோடு இறங்கி வருவது கேட்டது; பிள்ளையின் தகப்பனார் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும் தொழிலாளி, வேலைக்காட்டிலிருந்து நேராக வந்துகொண்டிருந்தார், கூடவே சொந்தக்காரர்கள். "நீங்க உள்ளார இருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பிரதர் முற்றத்துக்குப் போனார். பேசித் தணிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எம்பிள்ள கண்ணக் குத்துனவன் எவம்லே? வெளிய வரச் சொல்லு."

"நானுங்க" என்றார் பிரதர்.

"நீரா?"

"நாந்தானுங்க எறிஞ்சேன்."

மற்றது காணொளியில் இருக்கிறது. இரண்டு பல் போயின, மணிக்கட்டும் இரண்டு விலா எலும்புகளும் முறிந்தன, ஒரு காதில் மூன்று நாள் ரத்தம் கசிந்தது. நான் கதவைத் தாண்டவில்லை.

மூன்றாம் நாள் மருத்துவமனையில், வீங்கிய வாயோடு அவரே பேச்சை எடுத்தார். "பல்லு ரெண்டும் ஆடிட்டுத்தானுங்க இருந்துச்சு. டாக்டருக்கு வேலை மிச்சம்." நான் சபைத் தலைவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவதாகச் சொன்னேன். அவர் கட்டுப் போட்ட கையைத் தூக்கித் தடுத்தார். "என்னைய மாத்திப்போடுவாங்க சார். உங்களை அனுப்பிப்போடுவாங்க. ரெண்டும் ஒண்ணுங்களா? எனக்கு எங்க போனாலும் ஒரு கட்டிலும் ஒரு வகுப்பும் இருக்குதுங்க." அப்படியென்றால் அது பொய்தானே என்றேன். "பொய்தானுங்க. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சாமியார்கிட்ட நானே சொல்லிக்கறேன். அது என்ற பாடு." எனக்கு ஏற்பட்ட நிம்மதியை நான் அன்றிரவே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை.

வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள் பார்த்ததை எத்தனை நேரம் மறைக்க முடியும்? சம்பவம் நடந்த அன்று மாலையே தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் எல்லாவற்றுக்கும் உண்மை தெரிந்துவிட்டது. அதற்குள் காணொளி மலையைத் தாண்டிப் போயிருந்தது, அதில் 'நாந்தானுங்க எறிஞ்சேன்' என்று தெளிவாகக் கேட்டது. ஆகவே லயத்தில் இருந்தவர்களுக்கு ஓர் உண்மை, வெளியே இருந்தவர்களுக்கு வேறோர் உண்மை. பள்ளியில் தெரிந்தவர்களையும் சபையிடம் வாய் திறக்க வேண்டாம் என்று பிரதரே கேட்டுக்கொண்டிருந்தார். பஞ்சாயத்து மெம்பர் நடுவில் நின்று இரு பக்கமும் கேஸ் வேண்டாம் என்று முடித்துவைத்தார். மறு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் தகப்பனார் என் வீட்டு வாசலில் வந்து மழையில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உம்மையும் அடிக்கணும்னுதான் வந்தேன் சார். கை வரல. அந்த மனுசன் வாங்குனதே போதும்னு கெடக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீரும் நானும் ஒரே ஜாதி சார். ரெண்டு பேருமே ஆளு மாத்தி அடிச்சவனுக" என்றார். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "வெளிச்சம் தெரியுதாம். ஆளு தெரியலயாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பிரதர் போட்ட கணக்கு பழைய கணக்கு. முன்பெல்லாம் பிரச்சினை வந்தால் பிரதரை வேறு ஊருக்கு மாற்றுவார்கள், அங்கே அவர் வகுப்புக்குப் போவார், இங்கே ஊர் அடங்கும். ஆனால் சபை அதற்குள் குழந்தைப் பாதுகாப்பு விதிகளை எழுதிவிட்டிருந்தது. பிள்ளையைக் காயப்படுத்தியதாக ஒப்புக்கொண்டவர் மறுபடி பிள்ளைகளோடு பணியாற்ற முடியாது. நல்ல விதி, அதில் எனக்கு மறுப்பில்லை. முதலமடையில் சபைக்கு ஒரு மாந்தோப்பும் அதற்குள் முதிய பிரதர்களுக்கான இல்லமும் உண்டு. ஐம்பத்திரண்டு வயதில் அவரை அங்கே அனுப்பினார்கள், தோப்பைப் பார்த்துக்கொள்ள. அடுத்த ஜூனில் எனக்கு அது தெரியவந்தது. ஒரு பக்கக் கடிதம் போதும், அவரை வகுப்புக்குத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஒன்பது முறை எழுதத் தொடங்கினேன் என்று நாட்குறிப்பு சொல்கிறது. ஒன்றையும் தபாலில் போடவில்லை. டஸ்டரை எறிந்தது கணநேரக் கோபம். இதை நான் ஒவ்வொரு வருடமும் நிதானமாகச் செய்தேன்.

பிரதர்களின் எண்ணிக்கை குறைந்துவந்ததால், சில ஆண்டுகளில் அந்தப் பள்ளியின் முதல் பொதுநிலை, அதாவது பிரதர் அல்லாத, தலைமையாசிரியராக என்னையே நியமித்தார்கள். 'பணியைப் பகிர்ந்துகொள்ளும் தோழமை' என்று மேடையில் பேசினார்கள். ஒவ்வொரு ஜூனிலும் ஆசிரியர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். பயிற்சியாளர் பெயர் சொல்லாமல் ஓர் உதாரணம் சொல்வார்: "நம் சபையிலேயே ஒரு பிரதர், கோபத்தில் ஒரு பிள்ளையின் கண்ணை..." முதல் வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். புதிய ஆசிரியர்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

இரண்டு முறை தோப்புக்குப் போய் அவரைப் பார்த்தேன். மாங்காய்ப் பருவம், லாரிகள் வரிசையாக நின்றன. காய் அடுக்க வந்த கூலிக்காரர்களின் பிள்ளைகள் கம்பி வேலிக்கு வெளியே மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை உள்ளே கூப்பிட அவருக்கு அனுமதியில்லை. வளைந்து கூடிய மணிக்கட்டை வேலிக்கம்பியின் மேல் வைத்தபடி நின்றார். "அவுங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கமுங்க. வாய்ப்பாடு மட்டும் தாண்டிப் போகுதுங்க" என்றார். கடிதம் எழுதட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். "மாம்பழம் சாப்பிடுங்க சார்" என்றார். அது மறுப்பா, எதிர்பார்ப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு வசதியான பொருளை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன்.

இந்த மார்ச்சில் அவர் இறந்துபோனார். தோப்பில் விழுந்தவர் எழவில்லை. லயத்துக்குப் போய்ப் பெண்ணின் தகப்பனாரிடம் சொன்னேன். "நானும் வாரேன்" என்றார். அடிமாலியில் ஒரு துணிக்கடையில் பில் போடும் அந்தப் பெண்ணும் விடுப்புப் போட்டு வந்தாள். விடியுமுன் ஜீப்பில் கிளம்பினோம். வழியில் மூவரும் டீ குடிக்க இறங்கியபோதுகூட அந்தப் பேச்சு வரவில்லை.

சிற்றாலயத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சபைத் தலைவர் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார். பிறந்த ஊர், உறுதிமொழி, பணியாற்றிய பள்ளிகள். பிறகு, "சினம் என்னும் சிலுவையைச் சுமந்தவர், அதனால் ஒரு குழந்தைக்கு நேர்ந்த துன்பத்துக்காக இறுதிவரை மனம் வருந்தி, மறைந்து வாழ்ந்தவர்" என்றார். யாராவது பேச விரும்பினால் பேசலாம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பெண்ணின் தகப்பனார் எழுந்துவிட்டார்.

"இவரு பல்ல ஒடச்சவன் நான். கைய மிதிச்சவனும் நாந்தான். இவரு எம்பிள்ள மேல எதையும் எறியல. எங்க லயத்துல நாய்க்கும் பூனைக்கும் தெரியும். எறிஞ்சது யாருன்னு நான் சொல்ல மாட்டேன். அவரு இங்கனதாம் இருக்காரு. அவருக்கு வாய் இருக்கு. வருசக்கணக்கா நானும் பாத்துக்கிட்டுத்தாம் வாரேன்."

எழுந்தேன். கிழமை, பீரியட், வகுப்பு, கையில் இருந்தது என்ன, யாரைக் குறிவைத்தேன், யார்மேல் பட்டது, பிரதர் வெளியே போனபோது நான் எங்கே நின்றேன் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் எந்தப் பிள்ளையையும் அடித்ததில்லை என்று சொல்லி உட்கார்ந்தேன். சபைத் தலைவர் கையிலிருந்த தாளை இரண்டாக மடித்தார். அன்று மாலையே நான் சொன்னதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். தலைமையாசிரியர் பொறுப்பையும் விட்டேன். விசாரணை இன்னும் நடக்கிறது. நடக்கட்டும்.

இங்கே முடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அடக்கம் முடிந்து தோப்பு வழியாக ஜீப்புக்கு நடந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது, அதையும் எழுதியிருக்கிறேன். அந்தப் பெண் என் வலப்பக்கமாக நடந்துவந்தாள். இடதுபக்கம் ஆள் நிற்பது அவளுக்கு நிழலாகத்தான் தெரியும், முகம் தெரியாது. அதனால் என்னைப் பார்க்க முழுவதுமாகத் திரும்பி நின்றாள்.

"பிரதருக்காகச் சொன்னீங்க, சரி சார். அப்பாவும் பிரதர்கிட்ட அழுதாச்சு. எங்கிட்ட யாரும் இன்னும் ஒண்ணும் சொல்லல."

அவள் குரலில் கோபம் இல்லை. பில்லில் ஒரு பொருள் விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டுவது போல்தான் சொன்னாள். இத்தனை வருடங்களில் அவளை வகுப்பில், பேருந்தில், திருவிழாவில், கடைக் கவுண்டரில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 'வணக்கம் சார்' என்பாள், தலையசைப்பேன். பிரதருக்கு நான் செய்ததைப் பற்றி நாட்குறிப்பில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அவளைப் பற்றி, கண் மருத்துவர் சொன்னதைத் தவிர, ஒரு வரியும் இல்லை.

அவளிடம் சொன்னேன். வார்த்தைகள் ஒழுங்காக வரவில்லை. ஒரு லாரி கடந்துபோனதால் நடுவில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அவள் கடைசிவரை கேட்டாள். "ம்" என்றாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. சொன்னதாக நானும் எங்கும் எழுத மாட்டேன்.