ராஜாவுக்கு மல் துணி

துணி வாங்கவே சர்க்கார் அனுமதி வேண்டியிருந்த துணிக் கட்டுப்பாட்டுக் காலத்தில், நாடக உடைக்கு மனுக் கொடுத்தால் தாமதமின்றிப் பதில் தர வேண்டும் என்பது விதி. அதை நம்பியது என் தவறு.

திருத்தணியில் எங்கள் தேவாலயத்து ஈஸ்டர் நாடகத்துக்கு ராஜா அங்கி தேவைப்பட்டது. தையல்காரர் தேவசகாயம், "பழைய வேட்டிக்குச் சாயம் போட்டுத் தைக்கிறேன் சார், காத்தோட்டமா இருக்கும்" என்றார். ஓய்வுபெற்ற தாலுகா குமாஸ்தாவான நான், "முறைப்படி மெல்லிய மல் துணியே வாங்கலாம்" என்று மூன்று பிரதிகளில் மனு எழுதினேன்.

நாடகத்துக்கு முந்திய நாள்வரை பதில் இல்லை. சாயம் போட நேரமில்லாததால் பள்ளிக்கூடத்து வெல்வெட் மேடைத் திரையை வெட்டித் தைத்தோம். பங்குனி வெயிலில் அதைப் போர்த்தி நின்ற டீக்கடை யாக்கோபு, வசனத்தின் நடுவே மயங்கி விழுந்தார்.

தண்ணீர் தெளித்ததும் கண் திறந்து, "சார், பதில் வந்துகினு இருக்குதுங்களா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். விதி தெரிந்த எனக்கு வெயில் தெரியவில்லை.

மல் துணிக்கு அனுமதி வந்தது, மார்கழி முதல் தேதி.