நல்ல வண்டியை ஏன் விற்கிறீர்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் ஒரு காரை விற்கப் போயிருந்தேன்.

என்னுடையதல்ல. எனக்கு சைக்கிள்கூட சரியாக ஓட்டத் தெரியாது. கார் நண்பர் சிவலிங்கத்தினுடையது. அக்கரப்பத்தனைப் பக்கம் வீடு. தலவாக்கலையில் ஒரு பாடசாலையில் கணக்கு வாத்தியார். "நீங்க ஒண்ணும் பேச வேணாம் அண்ணே, பக்கத்துல நின்னா போதும்" என்று போனில் சொல்லியிருந்தார்.

நின்றேன். தூறல். பெட்ரோல் ஷெட்டுக்கு எதிரே வெட்டவெளியில் வெள்ளைக் கார். ஜப்பானில் யாரோ ஓட்டி, கப்பலேறி வந்த வண்டி. நம்மவர் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. பின்சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

பார்க்க வந்தவர் டிக்கோயாவைச் சேர்ந்த தினேஷ். அரசாங்கக் கந்தோரில் கிளார்க். புதிதாகக் கல்யாணமானவர் என்பது சட்டையின் மடிப்பிலேயே தெரிந்தது. கூடவே அவருடைய மச்சான். தலவாக்கலையில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக்.

"வண்டி சுத்தமாத்தான் இருக்கு" என்றார் தினேஷ். சொன்ன தொனியில் சந்தேகம். "ஏன் சேர் விக்கிறீங்க?"

"தேவைப்படல தம்பி."

"அடி பட்டதா?"

"இல்ல."

"தண்ணியில நின்னதா?"

"அதெல்லாம் இல்லப்பா."

மெக்கானிக் போனட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்தார். "சேர், கோவிச்சுக்காதீங்க. மூணு மாசத்துல ஒருத்தர் நல்ல வண்டிய விக்கிறாருன்னா ஒண்ணு வண்டியில கோளாறு, இல்லாட்டி..."

மீதியைச் சொல்லாமல், ஒரு சாக்கைத் தரையில் விரித்துக் காருக்கு அடியில் நுழைந்துவிட்டார்.

அவர் வெளியே வருவதற்குள் உங்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

புதுக் கார் வாங்கிச் சீக்கிரமே விற்பவர்களை எங்கள் பக்கம் நிறையப் பார்க்கிறேன். எல்லோருக்கும் ஒரே காரணம் இல்லை. ஒருவருக்குக் கார் இருந்தது, வீடு வரை பாதை இல்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு இறங்கப் படிகள்தான். காரை மேலே கோயில் வெளியில் நிறுத்திவிட்டு, மழை பெய்தால் இவர் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவார். காரைத்தான்! இன்னொருவரின் கார் தோட்டத்துக்கே அம்பியுலன்ஸ் ஆகிவிட்டது. பிரசவ வலி, பாம்புக்கடி, குளவிக்கொட்டு... "கார் இருக்கே!" என்று எல்லோரும் அவர் வாசலுக்கு வந்தார்கள். மறுக்கவும் முடியாது, மனசாட்சி விடாது. கடைசியில் விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

சிவலிங்கத்தின் கதை வேறு.

அவருடைய மனைவி கண்டி ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறார். லீவு கிடைக்கும்போது வருவார். மகள் கெம்பஸில் படிக்கிறாள். வீட்டில் இவரும் டிவியும்தான். மனைவியை ஸ்டேஷனிலிருந்து கூட்டி வரலாம், மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம் – இப்படி நியாயமான காரணங்களுக்காகத்தான் காரை வாங்கினார். யார்தான் அநியாயமான காரணத்துக்காகக் கார் வாங்குகிறார்கள்?

அதுவரை அவர் பஸ்ஸில்தான் போனார். பல வருடங்களாக அதே காலை பஸ். பக்கத்தில் அதே ஆள் – மரியதாஸ். தலவாக்கலையில் புடவைக் கடையில் சேல்ஸ்மேன். சிவலிங்கத்தின் வீட்டுக்குக் கொஞ்சம் கீழே இறங்கினால் அவருடைய லயம். ஒரு மணி நேரப் பயணம். கிரிக்கெட், மழை, விலைவாசி, கடைக்கு வந்து நூறு புடவையைப் புரட்டிவிட்டு ஒரு கைக்குட்டை வாங்கிப் போன அம்மா... மரியதாஸ் பேசினால் முன்சீட்டுக்காரர்களும் திரும்பி உட்கார்ந்துவிடுவார்கள். "சேர், நீங்க பிள்ளைங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுக்குறீங்க, சரி. அந்த டீம் செலக்டர்ஸுக்கு யாரு சொல்லிக் குடுக்குறது?" பஸ்ஸே சிரிக்கும்.

சரி, மரியதாஸையும் காரில் ஏற்றிக்கொண்டு போகலாமே?

ஏற்றினார். முதல் நாள் மரியதாஸ் கையில் பழைய பத்திரிகைத் தாளோடு வந்தார். லயத்துப் பாதையின் சேறு செருப்பில். காரின் தரை விரிப்பில் தாளை விரித்து, அதன் மேல் காலை வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, இன்டர்வியூவுக்கு வந்தவர் போல உட்கார்ந்தாராம். அது நான் எழுதுகிற பத்திரிகைதான் என்று சிவலிங்கம் சொன்னார். பரவாயில்லை, ஒரு பயன் இருந்திருக்கிறது.

"தாள் எதுக்கு மரியதாஸ்? கழுவிக்கலாம்."

"இருக்கட்டும் சேர். புது வண்டி."

அவ்வளவுதான் பேச்சு. தலவாக்கலை வரும் வரை வைப்பர் சத்தம். மறுநாளும் தாள், மறுநாளும் மௌனம். அதற்கடுத்த நாள் சிவலிங்கம் காரை நிறுத்தியபோது மரியதாஸ் பஸ் ஹோல்ட்டில் நின்றபடியே கையைக் காட்டினார். "நீங்க போங்க சேர். எனக்கு வழியில ஒரு ஆளப் பாக்கணும்."

யாரையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸில் வாய்விட்டுப் பேசும் மனிதருக்குக் காரில் வாய் வரவில்லை. இருவருக்கும் அது தெரிந்தது. ஒருவரும் சொல்லவில்லை.

அதன்பிறகு சிவலிங்கம் தனியாகப் போனார். பஸ்ஸில் போடுகிற பழைய பாட்டுகள் அவருக்குப் பிடிக்காது; எரிச்சல்படுவார். அதே பாட்டுகளைத் தேடிப் பிடித்துக் காரில் போட்டுப் பார்த்தாராம். "சரிப்பட்டு வரல அண்ணே" என்றார்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ரோட்டோரம் நெடுக வெள்ளைக் கொடி கட்டுவார்கள். பஸ் அந்த இடத்துக்கு வந்ததும் எங்கிருந்தாவது ஒரு குரல் கேட்கும்: "யாரு வீட்டுலங்க?" யாருக்காவது தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் கண்டக்டர் ஃபுட்போர்டில் தொங்கியபடி, கொடி கட்டுகிற ஆளிடமே கேட்டுவிடுவார். அடுத்த ஹோல்ட் வருவதற்குள் இறந்தவர் யார், என்ன நோய், எப்போது எடுக்கிறார்கள் என்பதெல்லாம் பஸ் முழுக்கத் தெரிந்துவிடும்.

போன மாதம் ஒரு காலை, சிவலிங்கம் அப்படி ஒரு கொடி வரிசையைக் கடந்து போனார். மாலையில் திரும்பி வந்தார். மறுநாளும் போனார், வந்தார். பனிமூட்டம். கண்ணாடி ஏற்றியிருந்தது. கண்ணெல்லாம் ரோட்டுப் பள்ளத்தில். வண்டியின் அடி தட்டிவிடக் கூடாதே என்ற கவலை. கொடியைப் பார்க்காமல் இல்லை. பார்த்தார். அந்தப் பாதையில் இறங்கினால் எத்தனையோ லயங்கள்... யாரோ என்று நினைத்துக்கொண்டார். யாரென்று கேட்கப் பக்கத்து சீட்டில் ஆள் இல்லை.

அடுத்த வாரம் மனைவிக்குப் புடவை எடுக்க மரியதாஸின் கடைக்குப் போனார்.

"மரியதாஸ் லீவா?"

காசாளர் இவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "சேர்... உங்களுக்குத் தெரியாதா? அடக்கம் பண்ணியாச்சே."

நெஞ்சு வலி. திடீரென்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

ஒரு போன் வரவில்லையா என்று நானும் கேட்டேன். சிவலிங்கம் சிரிப்பு மாதிரி ஒன்று செய்தார். அவருடைய நம்பர் மரியதாஸிடம் இல்லை. மரியதாஸின் நம்பர் இவரிடம் இல்லை. தினமும் காலையில் பார்த்துக்கொள்கிற இருவருக்கு எதற்கு நம்பர்? பஸ்ஸில் வந்தவர்களோ, பக்கத்து ஆள்தானே, சேருக்குத் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டார்கள்.

அன்று மாலையே லயத்துக்குப் போயிருக்கிறார். மரியதாஸின் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தேநீர் கொடுத்தார். கோபம் எதுவும் இல்லை.

"ரெண்டு நாளும் உங்க காரு போறத இங்கருந்து பாத்தோம் சேர். ஏதோ அவசரமா போறீங்கன்னு நெனச்சோம்."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வாரமே சிவலிங்கம் காரை விற்கத் தீர்மானித்துவிட்டார். மனைவி திட்டினாராம். மகள் வாட்ஸ்அப்பில் அழுகிற பொம்மை அனுப்பினாளாம். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். திரும்ப அந்த பஸ்ஸில் ஏறி, 'யாரு வீட்டுலங்க' என்று கேட்கிறவர்களில் ஒருவராக இருக்க வேண்டும்.

இப்போது மெக்கானிக் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டார். முதுகெல்லாம் சேறு.

"ஒரு கோளாறும் தெரியல" என்றார். ஏமாற்றமாக. "அதான் பயமா இருக்கு."

"உண்மைய சொல்லுங்க சேர்" என்றார் தினேஷ்.

சிவலிங்கம் என்னைப் பார்த்தார். பிறகு தினேஷைப் பார்த்தார். "காருல பேச ஆளில்ல தம்பி. பஸ்ல போனா நாலு பேரோட பேசிக்கிட்டுப் போகலாம். அதான்."

மூன்றே வாக்கியம். சுத்தமான உண்மை. மைத்துனர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மெக்கானிக் சாக்கை உதறினார். மறுபடி காருக்கு அடியில் நுழைந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிவலிங்கத்துக்கு வரவில்லை.

நம்மூரில் ஒரு மனிதர் நல்ல பொருளை விற்றால் நாம் மூன்று காரணங்களைத்தான் ஒத்துக்கொள்வோம். பழுது, கடன், பயணம். தனிமையை யாரும் நம்புவதில்லை. அதற்கு ரசீது இல்லையே!

இரண்டாவது தடவை வெளியே வந்த மெக்கானிக்குக்குத் திடீரென்று ஏதோ பிடிபட்டது. "சேர்... வெளிநாடு கிளிநாடு போறீங்களா?"

சிவலிங்கம் வானத்தைப் பார்த்தார். தூறல் வலுத்துக்கொண்டிருந்தது. அவர் களைத்திருந்தார்.

"ஆமா" என்றார்.

தினேஷின் முகம் ஒரே நொடியில் தெளிந்துவிட்டது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, "அத மொதல்லயே சொல்லியிருந்தா நான் சேத்துல படுத்திருக்க மாட்டேனே சேர்!" என்று பெரிதாகச் சிரித்தார். அரை மணி நேரத்தில் வியாபாரம் முடிந்துவிட்டது. போகும்போது தினேஷ் சிவலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, பயணம் நல்லபடி அமையட்டும் என்றார்.

கார் போன பிறகு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"உண்மைய சொன்னேன், நம்பல. நம்புறத சொன்னேன், வாங்கிட்டாங்க. இனி என்ன அண்ணே, நாளைக்கு பஸ்ல போறேன். அது போதும்."

முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

புதன்கிழமை நானே போன் பண்ணினேன். பஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

மெக்கானிக் தன் தலவாக்கலை கராஜில் போய்ச் சொன்ன விஷயம் தலவாக்கலை பஸ்ஸுக்கு எட்டாமல் இருக்குமா? திங்கட்கிழமை காலை இவர் படியில் கால் வைத்ததுமே கண்டக்டர், "சேர், எந்த நாடு? கனடாவா?" என்று கேட்டிருக்கிறார். டிக்கட் காசு வேண்டாம் என்று கையைத் தள்ளிவிட்டிருக்கிறார். கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர், "போனதும் எங்கள மறந்துறாதீங்க சேர்" என்றாராம்.

"நான் எங்கயும் போகலன்னு சொன்னேன் அண்ணே. சிரிக்கிறாங்க."

ஏன் சிரிக்க மாட்டார்கள்? எங்கள் பக்கம் வெளிநாடு போகிறவர் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. கண் பட்டு விசா கெட்டுவிடும் என்ற பயம். பிளேன் ஏறும் வரை "நானா, எங்கயும் போகலயே" என்பார்கள். இவர் மறுக்க மறுக்க அவர்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

"சரி, பேச்சுத் துணையாவது கெடச்சுதா?"

போனில் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது. பின்னால் யாரோ "சேருக்கு எடம் குடுங்கப்பா" என்றார்கள்.

"பேசுறாங்க அண்ணே. எல்லாரும் நல்லாத்தான் பேசுறாங்க... போறவன்கிட்ட பேசுற மாதிரி."