ஜீப்பில் போன தீவு

போன வாரம் ஒரு தீவுக்குப் போயிருந்தேன். போடியிலிருந்து ஜீப்பில்!

கடல் எங்கே என்கிறீர்களா? அதைத்தான் நானும் தேடினேன். போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு மொட்டைக் குன்று. சுற்றியுள்ள பள்ளத்தை மேகம் மூடினால் குன்று மட்டும் மிதக்கும். அதனால் அங்கிருப்பவர்களுக்கு அது 'தீவு'. ஒரே ஒரு படத்துக்காக கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன் - கொளுத்தும் சித்திரையில். புத்தி எங்கே போச்சோ!

தங்கியது பேச்சியக்கா வீட்டில். குன்றை ஒட்டிய குத்தகை நிலத்தில் போன வருஷம்தான் ஏலக்கன்று நட்டிருக்கிறார்.

"மேகம் வந்தாத்தேன் தம்பி தீவு. இப்ப வெறும் மேடு" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "இந்த வாரம் மழ எறங்கலைன்னா கன்னு பூராம் கருகிப்போகும். அப்புறம் பழையபடி கூலி வேலைதேன்."

ஆக, இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே மேகம்.

நாட்கள் நகரவே இல்லை. பாலில்லாத கட்டங்காப்பி, சில்வர் ஓக் மர நிழல், தூரத்தில் எங்கோ ஒரு ஜீப் முனகும் சத்தம்... வாசலில் படுத்திருந்த நாயின் தலையில் விழுந்த வெயில் வாலுக்கு வர ஒரு மதியம் ஆனது. சொக்கிப்போய் எல்லாவற்றையும் படம் எடுத்துத் தள்ளினேன். அக்கா மட்டும் குடத்தோடு ஓடைக்கும் கன்றுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

கிளம்ப வேண்டிய நாளின் சாயங்காலம் வந்தது மேகம். பள்ளத்திலிருந்து பால் பொங்குவது போல ஏறியது. குன்று மிதந்தது. அடடா! கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தால்... நட்டநடுவில் அக்கா!

"அக்கா, கொஞ்சம் ஒதுங்குங்க!"

"அட, சும்மா இருங்க தம்பி!"

திரும்பாமலே இரண்டு கையையும் ஏந்தினார். பொட்டென்று ஒரு துளி என் லென்ஸில். அப்புறம் கொட்டியது பாருங்கள்! அக்கா அழுகிறாரா, சிரிக்கிறாரா? சட்டென்று ஒரு படம் அமுக்கினேன். கேமராவைத் துண்டில் சுற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு நானும் போய் நனைந்தேன்.

போடிக்கு இறங்கியதும் அந்தப் படத்தை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தீவை மொத்தமாக மறைத்துக்கொண்டு அக்காவின் நனைந்த முதுகு. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

நேற்று பதில் வந்தது, குரல் பதிவாக.

"ஏந்தம்பி, என் முதுக யாரு கேட்டா? கன்னெல்லாம் நிமிந்து நிக்கிதே, அத எடுத்தீகளா?"

எடுக்கவில்லையே! நாளைக் காலை மறுபடி ஜீப் ஏறுகிறேன்.